நிபந்தனையா, நல்லுரையா?

செய்யாற்றங்கரையிலுள்ள எங்கள் ஊருக்குத் திருவோத்தூர் என்பது பழம்பெயர். இவ்வூர்க் கோயிலைப் பற்றிப் பெரியபுராணம் ஒரு செய்தி கூறும். காய்க்காத ஆண்பனைகள், சம்பந்தர் பதிகம் பாடியதும், குலை குலையாகக் காய்த்தனவாம்! பனை காய்த்ததா, காய்க்கவில்லையா என்பதன்று இங்கே வழக்கு. காய்ப்பதே பெருமை, காய்க்காதிருப்பது இழிவு என்ற எண்ணம் நம் மண்ணில் எத்துணை ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதைத்தான் அக்கதை காட்டுகிறது. ஆண்பனைக்கே விலக்குத் தராத அந்த எண்ணம், பெண்ணுக்கா தரும்?

இவ்வூர் நெசவாளர் தெருவில், என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் தாய் இருக்கிறார். கணவர் பட்டுத்தறியில் அமர்ந்திருக்க, அருகே இவர் தார் சுற்றுவார். மூன்று பிள்ளைகள். சென்ற ஆண்டில் மட்டும் இருமுறை கருவைக் கலைத்துக்கொண்டார். முதன்முறை சென்ற இடத்தில் குருதிப்போக்கை நிறுத்தினர், காய்ச்சலைத் தணித்தனர், நான்கு நாளைக்கு மாத்திரை தந்து அனுப்பினர். குறை சொல்ல இயலாத மருத்துவந்தான். ஆனால், நான்கு திங்கள் கழிவதற்குள் மீண்டும் கருவுற்றார். "மறுமாசமே திரும்பவும் தங்கும்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலையே, டீச்சரம்மா" என்று அவர் சொன்னபோது, தார் சுற்றும் கை ஒரு நொடி நின்று, மறுபடி சுழலத் தொடங்கியது.

இரண்டாம் முறை வேறோரிடம் சென்றாராம். அங்கே வாய் திறந்து சொன்னார்கள், மிகத் தெளிவாகவே சொன்னார்கள்! குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஒப்புக்கொண்டால்தான் கலைப்போம் என்றார்கள். உடல் மெலிந்து, அச்சம் மிகுந்து, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளை எண்ணி ஏங்கி நின்றவரிடம் ஒரு தாளை நீட்டினார்கள். அவர் கையொப்பமிட்டார்.

முதலிடத்தில் மௌனம், இரண்டாமிடத்தில் நிபந்தனை. இவ்விரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி இருக்கிறதே, அதற்கு நல்லுரை என்று பெயர். கருக்கலைப்புக்குப் பின் செய்யும் மருத்துவத்தோடு, கருத்தடை பற்றிய அறிவுரையும் அதே அறையில், அதே நாளில், அவள் விரும்பும் அளவுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அவ்வழி. கேட்பதற்கு எளிது. ஆனால் இந்த எளிய கருத்தை எட்டுவதற்கு உலகம் பல்லாண்டுகள் எடுத்துக்கொண்டது. மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. நிபந்தனைக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

நியூயார்க்கில் ஒரு நோய்ப்படுக்கை

1912ஆம் ஆண்டு. நியூயார்க் நகரில் ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழும் கிழக்குப் பகுதி. அங்கே ஒரு சிற்றறையில், மூன்று பிள்ளைகளின் தாயான சேடி சாக்ஸ் என்பவள், தானே கருவைக் கலைத்துக்கொள்ள முயன்று, நச்சுக் காய்ச்சலால் துடித்துக் கிடந்தாள். மருத்துவரும் ஒரு செவிலியும் மூன்று வாரம் போராடி அவளைப் பிழைக்க வைத்தனர். தேறியதும் அவள் மருத்துவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இனிக் கருவுறாதிருக்க வழி என்ன? மருத்துவர் நகைத்தார். கணவனைக் கூரைமேல் சென்று உறங்கச் சொல் என்று கூறிவிட்டுப் புறப்பட்டார். மூன்று திங்களில் அதே அறையிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தது. இம்முறை மருத்துவம் தோற்றது. அவள் மாண்டாள்.

அந்தச் செவிலிதான் மார்கரெட் சாங்கர். பின்னாளில் உலகெங்கும் கருத்தடை இயக்கத்தைப் பரப்பியவர். தம்மை அவ்வழியில் செலுத்தியது இந்நிகழ்ச்சியே என்று மேடைதோறும் கூறினார். பல ஏழைத் தாய்மாரின் துயரைத் திரட்டி ஒரு பெயரில் அவர் சொல்லியிருக்கக்கூடும் என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அப்படியே வைத்துக்கொள்வோம், அதனால் துயரம் குறைந்துவிடுமா? ஒருத்தி என்று எண்ணியிருந்தோம், பலர் என்று அறிகிறோம். அவ்வளவுதான் வேறுபாடு!

அந்த மருத்துவர் கொடியவர் அல்லர். மூன்று வாரம் இரவு பகலாக உழைத்தவர். கருத்தடை பற்றிய செய்தியை அஞ்சலில் அனுப்புவதையே குற்றமாக்கிய 1873ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவில் அப்போது ஆட்சி செலுத்திற்று. நோயைத் தீர்ப்பது என் கடமை, நோயின் காரணத்தைத் தீர்ப்பது என் கடமையன்று என்ற மனப்பான்மை அக்காலத்து மருத்துவத்துக்கு இயல்பாக இருந்தது. நெசவாளர் தெருவுத் தாய்க்கு முதலில் கிடைத்ததும் அதே மருத்துவந்தானே! நூற்றாண்டு மாறிற்று, நாடு மாறிற்று, மௌனம் மாறவில்லை.

சட்டம் பேசிற்று, மருத்துவம் வாய் மூடிற்று

நம் நாட்டில் 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், தன் 312ஆம் பிரிவில், தாயின் உயிரைக் காக்க நன்னோக்கோடு செய்வது நீங்கலாக, எல்லாக் கருக்கலைப்பையும் குற்றமாக்கியது. மூன்றாண்டுச் சிறை, கருவில் உயிர்த்துடிப்பு உணரப்பட்ட பின்னராயின் ஏழாண்டு. கலைத்தவருக்கு மட்டுமா? கலைத்துக்கொண்ட பெண்ணும் அதே பிரிவில் குற்றவாளி என்று விளக்கமும் சேர்த்தார்கள். ஆங்கிலேயர் எழுதிய அந்தப் பிரிவின் சாரம், 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தண்டனைச் சட்டத்திலும் 88ஆம் பிரிவாக உயிரோடிருக்கிறது.

சட்டம் தடுத்ததால் கருக்கலைப்பு நின்றதா? நிற்கவில்லை. மருத்துவரிடமிருந்து மறைந்து, மருத்துவச்சியிடமும் எருக்கங்குச்சியிடமும் சென்றது. மறுமணம் மறுக்கப்பட்ட இளங்கைம்பெண்ணும், ஏழாவது பிள்ளைக்குக் கஞ்சியில்லாத கூலிக்காரியும், நள்ளிரவில் கொல்லைப்புறமாகச் சென்றார்கள். சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. திரும்பியவர்களும் மருத்துவமனைக்கு வந்தபோது உண்மையைச் சொல்ல அஞ்சினார்கள். தானாகச் சிதைந்தது என்றார்கள். நோயாளி பொய் சொல்ல, மருத்துவர் அதை நம்புவதுபோல நடிக்க, இருவருக்கும் நடுவே உண்மை ஊமையாயிற்று. நடந்ததையே பேசவியலாத இடத்தில், இனி நடவாதிருக்கும் வழியை எப்படிப் பேசுவது?

சென்னையில் எழுந்த குரல்கள்

ஆயினும், அந்த மௌனத்தைக் கலைத்த பெருமை தென்னாட்டுக்கு உண்டு. 1920களின் இறுதியில் சென்னையில் புது மால்தூசியர் சங்கம் தோன்றிற்று. உயர்நீதிமன்ற நீதிபதி வேப்பா ராமேசம் போன்ற பெரும்புள்ளிகள் அதில் இருந்தனர். 1930இல் மைசூர் அரசு, அரசுச் செலவிலேயே கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. எனினும், அந்தக் கனவான்களின் கவலை பெரும்பாலும் மக்கள் தொகையைப் பற்றியது, வறுமையைப் பற்றியது. ஏழைகள் பெருகிவிடுவார்களே என்ற ஏக்கமும் அதில் கலந்திருந்தது.

அதே காலத்தில், இங்கிருந்து தொலைவிலில்லாத செங்கற்பட்டில், 1929 பிப்ரவரித் திங்களில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், மணவிலக்குரிமை வேண்டும், கைம்பெண் மறுமணம் வேண்டும் என்று முழங்கிற்று. அதனைத் தொடர்ந்து, 'குடி அரசு' ஏட்டில் பெரியார் கருத்தடையைப் பற்றி எழுதலானார். மற்றவர்கள் கருத்தடை வேண்டும் என்பதற்கும், தாம் வேண்டும் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவரே பிரித்துக் காட்டினார். நாட்டின் வறுமைக்காகவும், குடும்பச் சொத்துக்காகவும், தாயின் உடல்நலத்துக்காகவும் பிறர் கேட்கின்றனர். நாமோ பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்பதே அதன் கருத்து. அந்தக் கட்டுரை பின்னர் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலிலும் இடம் பெற்றது.

இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். கருத்தடை யாருக்காக? நாட்டுக்காகவா, அவளுக்காகவா? பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு வினாவைச் சுற்றியே சுழல்கிறது.

1935 இறுதியில் மார்கரெட் சாங்கர் இந்தியாவுக்கு வந்தார். வார்தாவில் காந்தியாரைச் சந்தித்து வாதிட்டார். மக்கட்பேற்றைக் குறைக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் வேற்றுமையில்லை. புலனடக்கமே வழி என்றார் காந்தியார். புலனடக்கம் கணவனின் கையிலல்லவா இருக்கிறது, மனைவியின் கைக்கு ஒரு கருவி வேண்டாமா என்பது சாங்கரின் வாதம். வாதம் முடிவின்றி முடிந்தது. ஆனால் அதே பயணத்தில் சாங்கர் கலந்துகொண்ட அகில இந்திய மாதர் மாநாடு, திருவனந்தபுரத்தில் கூடிக் கருத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றிற்று. பெரியோர் வாதிட்டார்கள், பெண்கள் முடிவு செய்தார்கள்!

பட்டம் தாய்க்கு, பொறுப்பு யாருக்கு?

விடுதலைக்குப் பின், 1952இல், குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாகவே ஏற்ற முதல் நாடு இந்தியா என்ற பெயர் வந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 65 இலட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல தொடக்கந்தான். ஆனால் அதே வேளையில், 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர். ஏ. கோபாலசாமி ஒரு சொல்லை உருவாக்கினார். மூன்று பிள்ளைகள் பெற்ற தாய் மேலும் பெற்றால், அதற்கு 'முன்யோசனையற்ற தாய்மை' என்று பெயரிட்டார். தாய்மைக்கு அந்தப் பட்டம்! தந்தைமைக்கு? அதற்கொரு பட்டம் சூட்ட அவர் எழுதுகோல் நினைக்கவில்லை. அவரே பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானார். 1950களின் பிற்பகுதியில் கருத்தடை அறுவை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் முறையைச் சென்னை மாநிலம் இந்தியாவுக்கே வழிகாட்டியாகத் தொடங்கியது.

1965இல் கருப்பையில் பொருத்தும் 'லூப்' என்னும் வளையம் வந்தது. முகாம் முகாமாகப் பொருத்தினார்கள். இரண்டாம் ஆண்டில் எண்ணிக்கை ஏறத்தாழ 9 இலட்சத்தைத் தொட்டது. ஆனால், பொருத்திய பின் சில காலம் குருதி மிகுதியாகப் போகலாம், வலி வரலாம், வந்தால் இன்னாரிடம் வருக என்று சொல்வாரில்லை. குருதியைக் கண்ட பெண்கள் நடுங்கினர். வதந்தி பறந்தது. 1968-69இல் எண்ணிக்கை 5 இலட்சத்துக்கும் கீழே சரிந்தது. கருவி தோற்கவில்லை; சொல்லாமற் கொடுத்த முறை தோற்றது. இந்தப் பாடத்தை அப்போதே கற்றிருக்கலாம். கற்கவில்லை.

கதவு திறந்தது!

கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தலாமா என்று ஆராய 1964இல் மகாராட்டிர அமைச்சர் சாந்திலால் சா தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1966இல் அறிக்கை தந்தது. நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 39 இலட்சம் கருக்கள் வேண்டுமென்றே கலைக்கப்படுகின்றன என்று அது கணக்கிட்டது. சட்டப்படி அது குற்றம் என்றிருந்த நாட்டில் 39 இலட்சம்! நடுவணரசில் அப்போது குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையைக் கவனித்த டாக்டர் எஸ். சந்திரசேகர் சட்டத் திருத்தத்துக்காகப் பாடுபட்டார். 1971இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தில் நம் பொருளுக்கு உயிரான இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று: பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்த மணமான பெண்ணோ அவள் கணவனோ கையாண்ட கருத்தடை தவறியதால் கரு உண்டாயின், அதனால் அவளுக்கு ஏற்படும் துன்பத்தை மனநலக் கேடாகக் கருதலாம் என்றது. ஆக, கருத்தடையையும் கருக்கலைப்பையும் ஒரே வாக்கியத்தில் இணைத்தது சட்டமே! மற்றொன்று: பதினெட்டு வயது நிறைந்த பெண்ணாயின், அவளுடைய இசைவு ஒன்றே போதும் என்றது. கணவனின் கையொப்பம் கேட்கவில்லை. மாமியாரின் ஒப்புதல் கேட்கவில்லை. கருத்தடை அறுவைக்கு இசைய வேண்டும் என்றும் எங்கும் கூறவில்லை.

சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் முளைத்தது. மாவட்டத்துக்கு இத்தனை அறுவை, வட்டத்துக்கு இத்தனை வளையம் என்று மேலிருந்து இலக்கு வந்துகொண்டிருந்தது. இலக்கை எட்டாத ஊழியருக்கு ஏச்சு, எட்டியவருக்குப் பாராட்டு. இந்நிலையில், கருக்கலைப்புக்காகத் தானே தேடி வரும் ஏழைப் பெண் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தோன்றியிருப்பாள்? துயருற்ற ஒரு பெண்ணாகவா? இல்லை, கணக்கில் சேரவேண்டிய ஓர் எண்ணாக! கலைக்க வேண்டுமா, அறுவைக்கு இசை. இல்லையேல் வளையம் பொருத்திக்கொள் என்பது நாட்டின் பல பகுதிகளில் எழுதப்படாத விதியாயிற்று. காசு உள்ளவள் தனியாரிடம் சென்றாள். காசில்லாதவளோ நிபந்தனைக்குத் தலை கவிழ்த்தாள், அல்லது மறுபடியும் பழைய மருத்துவச்சியைத் தேடிப் போனாள். பாதுகாப்பளிக்க வந்த சட்டத்தின் வாயிலிலிருந்தே பாதுகாப்பற்ற இருட்டுக்கு அவளைத் திருப்பியனுப்பியது அந்த நிபந்தனை.

1976-77ஆம் ஓராண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 82 இலட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலானவை ஆண்களுக்கு. நெருக்கடிநிலைக் காலத்தின் அந்தக் கட்டாயத்தை மக்கள் 1977 தேர்தலில் தண்டித்தார்கள். துறையின் பெயரைக் குடும்ப நலம் என்று மாற்றினார்கள். பெயர் மாறிற்று, இலக்கு மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: ஆணைத் தொட அஞ்சிய திட்டம், பெண்ணின் பக்கம் முழுவதுமாகத் திரும்பிற்று. ஆணுக்கு ஓராண்டு நேர்ந்த கட்டாயம் ஆட்சியையே கவிழ்த்தது. பெண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் நேர்ந்தது, செய்தியாகக்கூட ஆகவில்லை!

1995இல் தமிழ்நாட்டில் தங்கி ஆய்ந்த சிசிலியா வான் ஹாலன் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இங்குள்ள அரசு மகப்பேற்று விடுதிகளில், பேற்றுக்குப் பின்னும் கருக்கலைப்புக்குப் பின்னும் பெண்களுக்குக் கருத்தடை வளையம் வழக்கமாகவே பொருத்தப்பட்டது என்றும், பலருக்கு அவர்கள் இசைவோ, சில வேளைகளில் அவர்கள் அறிவோகூட இன்றிப் பொருத்தப்பட்டது என்றும் அதில் எழுதினார். தன் உடலுக்குள் இருப்பது இன்னதென்றே அறியாமல் வீடு திரும்பினாள் தமிழ்ப்பெண்! மருத்துவமும் கருத்தடையும் அன்று இணைந்திருந்தன என்பது உண்மை. ஆனால் அந்த இணைப்பில் அவளுக்கு இடமில்லை.

கெய்ரோவில் கேட்ட குரல்

இக்கொடுமை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பல நாட்டுப் பெண்களும் மருத்துவர்களும் இதனை எதிர்த்து எழுப்பிய குரல், 1994 செப்டம்பரில் எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் கூடிய உலக மக்கள்தொகை மாநாட்டில் ஒலித்தது. கருக்கலைப்பால் வரும் கேடுகளுக்கு எந்நாட்டிலும் மருத்துவம் கிடைக்க வேண்டும். அதனோடு உடனுக்குடன் ஆலோசனையும் கருத்தடை உதவியும் அளிக்கப்பட வேண்டும். அதனால் மீண்டும் மீண்டும் கலைக்கும் நிலை தவிரும் என்று அம்மாநாட்டின் செயல்திட்டம் கூறிற்று. கருத்தடைக்கு இலக்கு வைத்துக் கட்டாயப்படுத்தும் முறையை அது ஏற்கவில்லை. இணைக்கவும் சொன்னது; கட்டாயப்படுத்தாதே என்றும் சொன்னது. முன்னே நாம் கேட்ட வினாவுக்கு உலக அரங்கில் விடை கிடைத்தது: கருத்தடை அவளுக்காக!

தமிழ்நாடும் கேரளமும் 1995இலும், நாடு முழுவதும் 1996 ஏப்ரலிலும் கருத்தடை இலக்கு முறை கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு ஒரு நாளில் வரும். பழக்கம் ஒரு நாளில் போகுமா? 2004இல் தி. கு. சுந்தரி ரவீந்திரனும் பி. பாலசுப்பிரமணியனும் தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பெண்களிடையே நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். மணமான பெண்கள் பலருக்குக் கருவைக் கலைக்க வழி இருந்தது. கணவனின் விருப்பத்தை மறுக்கவோ, அவனைக் கருத்தடை முறையைக் கையாளச் செய்யவோ வழியில்லை என்று அது காட்டிற்று. வேண்டாத உறவு, வேண்டாத கரு, வேண்டாத கலைப்பு என்று அச்சங்கிலி நீண்டது. சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் மருத்துவமனை கண்டது; முதற் கண்ணியைக் காணவில்லை.

நல்லுரையால் என்ன பயன் என்று ஐயுறுவோர் ஆப்பிரிக்காவின் சிம்பாப்வேயைப் பார்க்கட்டும். அந்நாட்டின் இரு பெருநகர்களில் கருக்கலைவுக்காக மருத்துவம் பெற்ற பெண்களை ஆய்வாளர் ஓராண்டு தொடர்ந்து கவனித்தனர். தலைநகர் ஹராரேயில் மருத்துவமனையிலேயே ஆலோசனையும் விலையின்றிக் கருத்தடைப் பொருளும் தந்தனர். புலவாயோவில் வழக்கமான மருத்துவம் மட்டும். ஓராண்டு கழிந்தபோது, புலவாயோவில் நூற்றுக்கு 34 பேர் விரும்பாமல் மீண்டும் கருவுற்றிருந்தனர். ஹராரேயில் 15 பேர். 2002இல் வெளிவந்தது இம்முடிவு. அங்கே யாரையும் மிரட்டவில்லை, யாரிடமும் நிபந்தனை விதிக்கவில்லை. சொன்னார்கள், கேட்டவர்க்குக் கொடுத்தார்கள். அவ்வளவே!

நல்லுரை என்பது யாது?

முதலில், உடலைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்வது. தொடக்க மாதங்களில் கரு கலைந்த பின், இரண்டு வாரத்துக்குள்ளாகவே மறுபடி கருமுட்டை வெளிப்படலாம். அடுத்த மாதவிலக்கு வருவதற்கு முன்னரே கருவுற இயலும். நெசவாளர் தெருவுத் தாய்க்கு ஒருவரும் சொல்லாது விட்டது இந்த ஒரு வரிதான். கரு கலைந்த பின் குறைந்தது ஆறு திங்களாவது இடைவெளி விட்டு அடுத்த கருவைத் தாங்குவது நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தந்த அறிவுரை. பிள்ளை வேண்டும் என்பவளுக்கும் இது வேண்டிய செய்தி. வேண்டாம் என்பவளுக்கும் வேண்டிய செய்தி.

அடுத்து, வழிகள் பல என்று சொல்வது. மாத்திரையை அன்றே தொடங்கலாம். மூன்று திங்களுக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியும், ஹார்மோன் கலவாத 'சாயா' மாத்திரையும் 2017 முதல் அரசு நிலையங்களுக்கு வந்துள்ளன. காப்பர்-டி என்னும் கருவியைக் கலைப்பு முடிந்த அப்போதே பொருத்தலாம். சீழ்த்தொற்று இருந்தால் அது தீரும்வரை பொறுக்க வேண்டும். மாத்திரையால் கலைத்தவர்களுக்குக் கரு முழுவதும் வெளியேறியதை உறுதி செய்த பின் பொருத்தலாம். நிலையான அறுவையோ திரும்பப் பெற அரிய முடிவு. வலியும் அச்சமும் சூழ்ந்த வேளையில் அவசரமாகக் கேட்டுப் பெறும் இசைவு, இசைவாகாது.

மூன்றாவது, அறைக்கு வெளியே நிற்கும் கணவனையும், மனைவி விரும்பினால், உள்ளே அழைப்பது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. இத்தனைக்கும் ஆணுக்குரிய அறுவை எளியது. கத்தியின்றிச் சில நிமிடத்தில் முடிவது. வீரம் பேசும் நாட்டில் அந்தச் சில நிமிட வீரத்துக்குத்தானா பஞ்சம்?

நான்காவது, மறைவு காப்பது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்ணின் பெயரை வெளியிடுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. 'கணவன்' என்றிருந்த இடத்தில் 'துணைவர்' என்று எழுதி, கருத்தடை தவறியதால் உண்டான கருவைக் கலைக்கும் உரிமையை மணமாகாதவளுக்கும் விரித்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மணமானவள், மணமாகாதவள் என்று இதில் பிரிக்கலாகாது என்றது. சட்டம் கேளாத நிபந்தனைகளை மருத்துவர் கேட்கலாகாது என்றும் எடுத்துரைத்தது. 1972 முதல் தாழ்வாரத்தில் நின்ற அந்த எழுதப்படாத விதிக்கு, ஐம்பதாண்டு கழித்து நீதிமன்றம் தந்த மறுமொழி இது!

இப்போது புதியதொரு சிக்கலும் உண்டு. 2015இல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 இலட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று 2018இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் நூற்றுக்கு 73, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. அப்பெண்கள் மருத்துவரின் முகத்தையே பார்க்காதவர்கள். மருத்துவமனை அறையில் மட்டும் நல்லுரை இருந்தால் அது அவர்கள் காதில் எப்படி விழும்? தெருவுக்கு வரும் செவிலியிடமும், மருந்துக் கடையிலும், ஏன், மேல்வகுப்புப் பாடநூலிலும் அது இருந்தாக வேண்டும்.

கருத்தடை பற்றிப் பேசினால் ஒழுக்கம் கெடும் என்பார் இன்னும் உளர். பேசாதிருந்த காலத்தில் ஒழுக்கம் ஓங்கியிருந்ததா? 39 இலட்சம் என்ற கணக்கு எந்தக் காலத்துக் கணக்கு? துயருற்றிருக்கும் வேளையில் இதைப் பேசுவது இரக்கமன்று என்பார் வேறு சிலர். அது மெய்யான கவலை, மதிக்கிறேன். ஆகவேதான் நல்லுரை என்கிறேன். அவள் கேட்க விரும்பினால் அன்று. இல்லையேல் மறுமுறை வரும் நாளில். வேண்டாம் என்று அவள் சொன்னாலும் மருத்துவத்தில் அணுவளவும் குறையலாகாது. இந்த ஒரு நெறி இருந்தால் நல்லுரை. இது தவறினால், எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அது நிபந்தனை.

எங்கள் தெருவில் பாவை விரித்து, ஊடையை ஓட்டி நெய்கிறார்கள். இரண்டு நூலும் சேர்ந்தால்தான் சேலை. ஆனால் சேர்ப்பதற்காக நூலை முடிச்சிட்டு இழுப்பாரில்லை, இழுத்தால் அறும். மருத்துவம் பாவு, நல்லுரை ஊடை. பல்லாண்டுகள் ஊடை இல்லாத பாவாக விட்டுவைத்தோம். பின்னர் முடிச்சிட்டு இழுத்தோம். இனியேனும் நெய்யக் கற்போம்.

அந்தத் தாயை நேற்றும் பார்த்தேன். அறுவைக்குப் பின் முதுகு வலி என்றார்; தார் சுற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. அருகில் அமர்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள் மகள். பத்தாண்டுகளில் அவளும் ஒருநாள் ஏதோவோர் அறையில் நிற்கக்கூடும். அங்கே அவளுக்குக் காத்திருப்பது மௌனமா, நீட்டிய தாளா, அல்லது நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரம்மா, உனக்கு என்ன வேண்டும், சொல்" என்று கேட்கும் குரலா? அதை முடிவு செய்யும் பொறுப்பு அவளுடையதன்று, நம்முடையது!